பாறையடியில் பூ

மலைப்பாதையின் பெரிய வளைவில் சாலையை ஒட்டி ஒரு சின்னக் கோயில் இருந்தது. அதைத் தாண்டும் வண்டிகள் எல்லாம் இரண்டாவது கியருக்கு இறங்கி, ஒரு ஹாரன் அடித்து, ஊர்ந்துதான் போகும். அந்த வழியில் பஸ் ஓட்டிய டிரைவருக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ராக்கெட். சாமியாவது பூதமாவது என்று சொல்லும் ஆசாமி. முன்னால் போகிற லாரிக்காரர் கும்பிட்டு முடிக்கும்வரை ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

கோயிலை அங்கிருந்து எடுக்கலாமா என்று சாலைத் துறை ஊரைக் கூட்டிக் கேட்டபோது, எடுத்தே ஆக வேண்டும் என்று முதலில் எழுந்து நின்றவரும் அவர்தான். எதிரே வருவதைக் கோயில் மறைக்கிறது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கல் கல்லாகப் பிரித்து, கீழே சமதரையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். கல் மாறவில்லை, கதவு மாறவில்லை. வண்டி நிறுத்த இடம், குடிதண்ணீர், உட்காரப் பெஞ்சு எல்லாம் கூடுதல். ஆனால் நேர்ச்சாலையில் பறக்கிறவனுக்கு அங்கே பயப்பட என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

வளைவிலோ, கோயில் போன பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. எதிரே வருவதை மறைத்தது கோயில் இல்லை, பின்னாலிருந்த பாறை. அதற்குள் எல்லோருக்கும் வேகம் பழகிவிட்டது. ராக்கெட்டைக் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் காலை அதே வேகத்தில் மேலே ஏறி வளைவைச் சுற்றினார். எதிரே ஒரு ஸ்கூட்டர். மிதித்த பிரேக்கில் பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஒரு சாண் இடைவெளியில் பஸ் நின்றது. ஸ்கூட்டர்காரி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கீழே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் அவருடைய மகள்.

"அப்பா, நீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த வெற்று வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்கினார். ஒரு ஹாரன். அண்ணனுக்குத் திடீர் பக்தி என்று கண்டக்டர் கேலி செய்தார். அவர் ஒருவர் ஊர்ந்து என்ன ஆகும்? மற்ற வண்டிகள் பறந்தன. துறையின் காலைப் பிடித்து ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னார். வைத்தார்கள், எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மகளுக்கோ பள்ளிக்கு வேறு வழி கிடையாது. அவள் வீடு திரும்பும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் முன்சீட்டில் இருந்த வெளியூர்ப் பெரியவர் கேட்டார்.

"இங்க என்ன தம்பி இருக்கு, இவ்வளவு மெதுவா போறீங்க?"

"என் பொண்ணு, ஐயா."

சொல்லிக்கொண்டே ஒரு ஹாரன் அடித்து, பாறையை ஒட்டி வண்டியைத் திருப்பினார். பெரியவர் பாறையைப் பார்த்துக் கைகூப்பினார். மறுநாள், அவர் ஊர் திரும்பிய பிறகு, பாறையடியில் ஒரு பூமாலை கிடந்தது.

ராக்கெட்டுக்குப் பகீரென்றது. குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலையா? பஸ்ஸை ஓரம்கட்டி இறங்கினார். எடுத்து எறியக் கையை நீட்டினார். அப்போது மேலிருந்து வந்த ஒரு லாரி, பூவைப் பார்த்ததும் உறுமல் அடங்கி இரண்டாவது கியருக்கு இறங்கியது. ஒரு ஹாரன். அதன் பின்னால் வந்த காரும் அப்படியே. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பூ யாருக்கு என்று சாப்பிடும்போது மகள் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

பூ வாடியதும் தானே கடைக்குப் போனார். எந்தச் சாமிக்கு என்று பூக்காரி கேட்டாள். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். வளைவில் இறங்கி, வாடியதை எடுத்துப் போட்டுவிட்டு, புதியதை வைத்தார். மகள் நூறு வயது வாழ வேண்டும் என்று, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே, கேட்டுக்கொண்டார்.