ஒன்னோவின் ஞாயிற்றுக்கிழமைகள்

அலமாரிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கையை நீட்டியும் ரென்ஸ்கேவுக்கு பிளக் எட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்மா," என்றார் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனத்து ஆள். அவர் கையில் குளிர்ப்பலகையின் ஒயர் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை வரை அப்பா இந்த முன்னறையில்தான் கிடப்பார். அவருக்கு அடியில் அந்தப் பலகை நிற்காமல் குளிர வேண்டும். ஹார்லிங்கன் ஊரின் அந்தப் பழைய வீட்டில் அந்தப் பக்கச் சுவருக்கு வாய்த்தது ஒரே ஒரு மின்துளை. அதிலும் ஒரு கறுப்புக் கணினிப் பெட்டி ஙொய்யென்று இரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"அதைப் பிடுங்காதே," என்றான் தம்பி யோரிட். "அப்பா அதை அணைச்சு நான் பார்த்ததே இல்ல."

"இப்ப அப்பா எழுந்து வந்து கேக்கப் போறாரா? துக்கம் விசாரிக்க வர்றவங்க காதுல இந்த இரைச்சல்தான் விழணுமா?"

பிடுங்கினாள். இரைச்சல் நின்றது. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

அப்பாவுக்கு ஓர் இணையதளம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அம்மா போன பிறகு ஆரம்பித்தது. 'ஒற்றைத் தட்டு' என்று பெயர். தனியாக இருப்பவர்கள் அன்றன்று ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று படம் எடுத்துப் போடுவார்களாம். இதற்கு மேல் அவள் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒருத்தி கைப்பேசியை நீட்டி, "இந்த உருளைக்கிழங்குத் தாத்தா உங்கப்பாவா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். துணைத் தலைமையாசிரியை ரென்ஸ்கேவும் சிரித்து, "அதே பேர்ல வேற யாரோ," என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தளத்தின் பக்கமே போகவில்லை. வீட்டுப் பக்கமும்தான். அவள் குடியிருக்கும் யூட்ரெக்டிலிருந்து ஹார்லிங்கன் அப்படியொன்றும் தூரமில்லை. பிறந்தநாளுக்கு வருவாள், கோட்டைக் கழற்றாமல் காபி குடிப்பாள், பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று கிளம்பிவிடுவாள்.

வியாழக்கிழமை மதியம், அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டுப் போன பிறகு, மணி அடித்தது. அன்றும் கோட்டைக் கழற்றாமலிருந்த ரென்ஸ்கே கதவைத் திறந்தாள். வாசலில் முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒரு குண்டு மனிதர், மழையில் நனைந்த தொப்பியோடு. பக்கத்தில் குட்டை முடி வைத்த வயதான அம்மாள்.

"நீங்க ரென்ஸ்கேதானே?" என்று அந்த அம்மாள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "லீவன், பாருங்க! இவங்கதான் நம்ம ஞாயிற்றுக்கிழமை ரென்ஸ்கே!"

"எந்த ரென்ஸ்கே?" என்றாள் ரென்ஸ்கே.

"கெர்டீன், முதல்ல நாம யாருன்னு சொல்லு. பயந்துடப் போறாங்க," என்றார் குண்டு மனிதர். "ஒற்றைத் தட்டுக்காரங்கம்மா நாங்க. இவ பக்கத்துல ஸ்னேக் ஊர்ல இருக்கா, பேப்பர்ல உங்கப்பா பேரப் பார்த்துட்டு அழுதுக்கிட்டே எனக்கு போன் பண்ணினா. நான் கென்ட்டுலேந்து ரயில் ஏறிட்டேன். பெல்ஜியக்காரன். சாப்பாட்டு விஷயத்துல உங்க நாட்டு ஆளுங்களோட நான் சண்டை போடாத நாளில்ல."

முன்னறையில் சவப்பெட்டியருகே போய் நின்றார்கள். அப்பா ஒன்னோ நீல டையோடு கிடந்தார். லீவன் தொப்பியைக் கழற்றினார்.

"டை கட்டுவாரா இவரு?"

"நான் எடுத்துக் கொடுத்தது," என்றாள் ரென்ஸ்கே.

"சமையல் மகா மோசம் இவருக்கு," என்றார் லீவன், அவரைப் பார்த்துக்கொண்டே. "ஆனா மோசம்னு அவரே எழுதிடுவார். அங்க ஒரே ஒரு சட்டம்தாம்மா. பொய் எழுதக் கூடாது. டப்பாவத் திறந்து நின்னுக்கிட்டே தின்னா, அப்படித்தான் எழுதணும். நான் ஒரு தடவ மீன் பொரிச்சேன்னு அளந்துவிட்டேன். எல்லார் முன்னாடியும் கேட்டார் மனுஷன்: 'லீவன், நிஜமாவா?' வெறும் பிஸ்கட்டுதான்னு ஒத்துக்கிட்டேன். அன்னிக்குதான் எனக்கு இங்க மனுஷங்க இருக்காங்கன்னு தோணுச்சு."

"உங்க ஞாயித்துக்கிழமைக்காகத்தான் நாங்க வாரம் பூரா காத்திருப்போம்," என்றாள் கெர்டீன். "ரென்ஸ்கே வந்தா, ஆப்பிள் கேக் கொண்டுவந்தா, குழம்புல உப்பு ஜாஸ்தின்னு திட்டினா, சன்னலோரம் உக்காந்து பசங்க கட்டுரையில படிச்ச தமாஷெல்லாம் சொன்னான்னு எழுதி, ரெண்டு தட்டு படம் போடுவார் உங்கப்பா. எம்பையன் கனடாவுல இருக்கான். போன்ல 'ம்'னு சொல்றதோட சரி. நீங்க வந்தீங்கன்னு படிச்சா எனக்கே ஒரு பிள்ளை வந்துட்டுப் போன மாதிரி இருக்கும்."

ரென்ஸ்கேவின் கழுத்திலிருந்து காது வரை சூடு ஏறியது. யோரிட் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுபவன்போலக் குனிந்திருந்தான்.

"உப்பு ஜாஸ்தின்னா திட்டினே?" என்றான் மெதுவாக.

"யோரிட்!"

"இல்ல, நீ எதையுமே சும்மா விடமாட்டியே, அதான்."

லீவன் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் கேக்கணும். செவ்வாய்க்கிழமைலேந்து தளம் திறக்கல. வெறும் வெள்ளைத் திரை. இவர் போனது பாதிப்பேருக்குத் தெரியாது. ஒன்னோ சொல்லாமக் கொள்ளாம கடையக் கட்டிட்டாருன்னு சில பேருக்குக் கோபம்கூட. எந்தக் கம்பெனியில தளத்துக்கு இடம் வாடகைக்கு எடுத்திருந்தார்?"

"கம்பெனியா?" என்றான் யோரிட். "அவர் யாரையும் நம்ப மாட்டார். எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

அவன் விரல் காட்டிய இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். கறுப்புப் பெட்டி. அதன் வால் தரையில் கிடந்தது. அது இருந்த துளையில் அப்பாவுக்குக் கீழே போகும் ஒயர் சொருகியிருந்தது.

"நான்தான் பிடுங்கினேன்," என்றாள் ரென்ஸ்கே. "தளம்னா எங்கயோ வெளியில இருக்கும்னு நினைச்சேன். சத்தம் போட்டுச்சு. அதான்..."

லீவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே துளையா!" என்று ஆரம்பித்தவர் பாதியில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒண்ணு பின்கட்டுல இருக்கும்," என்று யோரிட் எழுந்தான். ரென்ஸ்கேவும் அவன் பின்னாலேயே போனாள். நடைவழியில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"படிப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா எட்டிப் பார்த்தேன். மேசையில ரெண்டு தட்டு. நல்ல பசி. உக்காரப் போனேன். 'அது ரென்ஸ்கேவோடது, கைய எடு'ன்னார். படம் எடுத்து முடிச்சுட்டு, ரெண்டு தட்டையும் அவரே சாப்பிட்டார். எனக்கு ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுத்தார்."

"நீ சிரிச்சியா?"

"இல்ல."

எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தேடியெடுத்துக் கொண்டுவந்து சொருகினான். கறுப்புப் பெட்டி பெருமூச்சு விட்டு மறுபடி இரைந்தது. சிறிது நேரத்துக்கெல்லாம் லீவனின் கைப்பேசி துடிக்கத் தொடங்கியது. அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். "'ஒன்னோ, உடம்புக்கு என்ன?'ன்னு ஒருத்தர். 'ஒன்னோ, நான் இன்னிக்கு முட்டைக்கோஸ், நீங்க?'ன்னு ஒருத்தி. இது நார்வேலேந்து... ஐயோ, எத்தனை பேரு!"

"யாராவது சொல்லித்தான் ஆகணும்," என்றாள் கெர்டீன். "ரென்ஸ்கே, நீங்களே எழுதுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் முறை. கூடவே, கடைசி ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டீங்கன்னும் ஒரு வரி. எங்களுக்கு அதுபோதும்."

கடைசி ஞாயிறு ரென்ஸ்கே யூட்ரெக்டில் சன்னல் திரை வாங்கப் போயிருந்தாள். அப்பா போன் செய்தார். கடையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாள்.

"நான்..." என்று ஆரம்பித்தாள். சவப்பெட்டிக்குள் அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கொஞ்சம் திறந்திருந்தது. 'நான் வரவே இல்லை' என்று இவள் சொன்னால் இவளுக்குப் போவது ஒரு நல்ல பெயர், அதுவும் தனதல்லாதது. அவருக்கு? எல்லோர் முன்னாலும் 'நிஜமாவா?' என்று கேட்டவர் அவர். நாளைக்குத் தூக்கிக்கொண்டுபோகும்போது இந்த இரண்டு பேரும் பின்னால் நடப்பார்கள், பொய்யருக்குப் பின்னால் நடப்பதாக நினைத்துக்கொண்டு. சொல்லாவிட்டாலோ, இனி அந்தப் பொய் இவளுடையது. கெர்டீன் மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதறேன்," என்றாள்.

"இங்க வேணாம். சமையலறையில, உங்க இடத்துலயே உக்காந்து எழுதுங்க," என்று கெர்டீன் அவளை அழைத்துக்கொண்டு முன்னே போனாள், பலமுறை வந்துபோன வீடுபோல. "சன்னலோரம்தானே?"

காலையில் தரை துடைத்த யோரிட் இரண்டு நாற்காலிகளையும் மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். எட்டுக் கால்களும் கூரையைப் பார்த்து நின்றன. தரை கீறாமலிருக்க ஒன்னோ எல்லாக் கால்களின் நுனியிலும் கம்பளி வட்டுகள் ஒட்டியிருந்தார். சுவரோர நாற்காலியின் வட்டுகள் தேய்ந்து, கறுத்து, ரொட்டித் துகளும் முடியும் ஏறித் தட்டையாகியிருந்தன. சன்னலோர நாற்காலியின் நான்கும் வெள்ளை வெளேரென்று பொசுபொசுவென்றிருந்தன.

கெர்டீன் பார்த்தாள். தேய்ந்ததையும் தேயாததையும் மாறி மாறிப் பார்த்தாள். ரென்ஸ்கேவின் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

முன்னறையிலிருந்து லீவனின் குரல் நெருங்கி வந்தது. "காபி இன்னும் இருக்கா? கோப்பையெல்லாம் நான் எடுத்துட்டு வரேன்..."

கெர்டீன் சட்டென்று சன்னலோர நாற்காலியைத் தூக்கி, கால்கள் வாசற்பக்கம் தெரியாதபடி உடம்போடு அணைத்துத் திருப்பி, தரையில் இறக்கினாள். லீவன் உள்ளே வந்தபோது இரண்டு பெண்களும் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"கோட்டைக் கழட்டிட்டு உக்காருங்க," என்றாள் கெர்டீன்.

ரென்ஸ்கே கழற்றினாள். உட்கார்ந்து மேசையை நோக்கி இழுத்துக்கொண்டாள். நாற்காலி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.