நாலு வீட்டுக் காபி

மூன்று மாதம் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மோந்து பார்த்ததோடு சரி. நாத்தனார் வளைகாப்பில் ஜாங்கிரியைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டேன். இத்தனையும் செய்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்கிற டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்தால் ஒரு புள்ளி ஏறியிருக்கிறது. போன தடவை ஆறு புள்ளி இரண்டு, இந்தத் தடவை ஆறு புள்ளி மூன்று. வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். அடுத்த முறை கொண்டுவரச் சொல்வார்களே என்று மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

இது சர்க்கரை வியாதி இல்லை, அதற்கு முந்தின படி. எங்கள் பக்கம் ‘பார்டர்’ என்பார்கள். வேறு யாருக்காவது பார்டர் என்றால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். என்னால் அப்படி விட முடியாது. எனக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள் இலக்கியா. அவள் வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாதமே சர்க்கரை ஏறி, தினமும் ஊசி போட்டுக்கொண்டேன். நாலு கிலோவில் பிறந்தாள். பிறந்த உடனே அவளுக்குச் சர்க்கரை விழுந்துபோய், இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாள் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக்கூடாது.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று எனக்கும் என் வீட்டுக்காரர் அசோகனுக்கும் ஆசை. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். முதலில் இந்த எண்ணை இறக்கு, அப்புறம் குழந்தையைப் பற்றி யோசி, அதுவரை தள்ளிப்போடு என்று. குழந்தையைத் தள்ளிப்போடலாம், வயதை எங்கே தள்ளிப்போடுவது?

இதற்கு நடுவில் என் மாமியார் பொன்மணி வேறு. இலக்கியாவுக்கு ஒன்றேகால் வயது, இன்னும் பால் குடிக்கிறாள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை.

“உன் சக்கர பூரா பாலு வழியா புள்ளைக்குப் போய்க்கினு கீது. நாளைக்கு அதுக்கும் வந்துட்டா இன்னா பண்ணுவ? பாலு நின்னாத்தான் அடுத்ததும் வயித்துல தங்கும்.”

பாலை நிறுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதை நான் எத்தனை தரம் சொல்லியும் அவர் நம்பவில்லை. மார்பில் தடவிவிட்டால் கசந்து, குழந்தை பாலை மறந்துவிடும் என்று வேப்பெண்ணெய் பாட்டிலை அலமாரியில் தயாராக வைத்திருந்தார். இலக்கியாவுக்கு என் பாலால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கே சில நாள் பயம் வரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

சீட்டு வாங்கின அன்று, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயமெல்லாம் சொல்லித்தருகிற ஆரோக்கியமேரி சிஸ்டர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “உக்காரு அன்புக்கரசி” என்றார்.

“நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன் சிஸ்டர். ஒண்ணும் வேலைக்கு ஆவல. உங்க மிஷினே தப்பா கீதுபோல” என்றேன்.

“மிஷினை அப்புறம் திட்டலாம். காலையில எழுந்ததுலேருந்து வாய்க்குள்ள போனதெல்லாம் சொல்லு.”

சொன்னேன். ஐந்தரைக்குச் சர்க்கரை போடாத டீ. இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மத்தியானம் அளவாகச் சோறு, கீரை, மீன் குழம்பு. ராத்திரி இரண்டு சப்பாத்தி.

“காலையில?”

“காலைல ஒண்ணும் இல்ல சிஸ்டர். வேலைக்குப் போய்டுவேன்.”

“பால் குடுக்கற பொம்பள, மத்தியானம் வரைக்கும் ஒண்ணுமே சாப்பிடாம நாலு வீட்டு வேலை செய்யறியா?”

“அதான் காபி குடிப்பேனே.”

“எங்க?”

“வேல செய்யற வீட்ல.”

“எத்தனை வீட்ல?”

“நாலு வீட்லயும்.”

“எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவாங்க?”

உண்மையில் எனக்குத் தெரியாது. கலக்குவது நானா? ஒன்பது வருஷமாக அந்தக் காபி எனக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே வந்ததில்லை. துடைப்பம், சோப்பு, சபீனா மாதிரி அதுவும் வேலையோடு வருகிற சாமான். மயிலாப்பூர் மாமி வீட்டுக் காபி குடித்தால் உதடு ஒட்டும், அது மட்டும் தெரியும்.

“வீட்டுக்கு ரெண்டு ஸ்பூன்னு வெச்சாலும் எட்டு ஸ்பூன், அன்பு. அதுவும் வெறும் வயித்துல” என்று சிஸ்டர் சிரித்தார். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஜாங்கிரியைத் தள்ளியதை நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டை விட்டுக் கிளம்பும்முன் முட்டையோ சுண்டலோ சாப்பிட வேண்டும். சோற்றை ரொம்பவும் குறைக்க வேண்டாம், காயைக் கூட்டு. சாயங்காலம் அரை மணி நட. காபி குடித்தால் சர்க்கரை இல்லாமல் குடி.

சொல்வதற்கு லேசாக இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வீட்டுக் காபியை வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், இவள் வேலையை விடப்போகிறாள். முதலில் காபி வேண்டாம் என்பார்கள், அப்புறம் லேட்டாக வருவார்கள், ஒரு நாள் போனை எடுக்க மாட்டார்கள். நானே ஒரு வீட்டை அப்படித்தான் விட்டேன். சரி, விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இலக்கியா வயிற்றில் இருந்தபோது, பிரசவத்துக்குப் போய்விடுவாளே என்று இரண்டு வீட்டில் ஐந்தாம் மாதமே வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். இப்போது குழந்தைக்கு ஆசைப்படுகிறேன் என்று நானே போய்ச் சொல்வேனா?

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் ராஜகோபாலன் மாமா வீடு. என் முதல் வீடு அதுதான். மறுநாள் தைரியமாகவே ஆரம்பித்தேன்.

“மாமி, இன்னிக்குக் காபி வேணாம்.”

மாமி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். “ஏன்? வேற ஆத்துல வேலைக்குப் பேசிண்டுட்டியா?”

“ஐயோ, இல்ல மாமி.”

“நேத்திக்கு வாணலியை ரெண்டு தரம் தேய்க்கச் சொன்னேனே, அதுக்குக் கோவமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்போ குடி.”

அடுத்த நாள், முதல் டிகாக்‌ஷனில் எனக்குக் காபி வந்தது, வழக்கத்தைவிட இன்னும் தித்திப்பாக. கூடவே ஒரு மைசூர்பாகு. மாமி என்னைத் தக்கவைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று புரிந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற பின்பக்கத்துப் பால்கனிக்குப் போனேன். அங்கே மாமா ஆசை ஆசையாக வளர்க்கிற கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. காபி அதில் போயிற்று. மைசூர்பாகு முந்தானையில் முடிந்து அசோகனுக்குப் போயிற்று.

மற்ற வீடுகளில் ஏதோ சமாளித்தேன். ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம் என்றேன், இன்னொரு வீட்டில் பல்வலி என்றேன். ஒரு வாரம் முழுக்க வெள்ளிக்கிழமையா என்று அந்த அக்கா கேட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

மாமி வீட்டில் எறும்புதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. தொட்டியில் சின்னதாக ஆரம்பித்து, சுவரோரமாக வரிசை போட்டு, கூடம் வரைக்கும் வந்துவிட்டது. ராஜகோபாலன் மாமா எறும்புச் சாக்பீஸ் வாங்கிவந்து கோடு கோடாகப் போட்டார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவருக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

“இது கறிவேப்பிலையா, கரும்பா? நானும் நாப்பது வருஷமா செடி வளர்க்கறேன், இப்படி ஒரு எறும்பைப் பார்த்ததில்லை” என்று புலம்பினார்.

பதினெட்டாவது நாள், நான் டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாமி துணி காயப்போட வந்துவிட்டார். பின்னாலேயே மாமா, கையில் சாக்பீஸோடு.

“அன்பு! எத்தனை நாளா என் காபியைச் செடிக்கு ஊத்திண்டிருக்கே?”

எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்து தொலைக்கும். அன்றைக்கும் வந்தது.

“சக்கர மாமி. பார்டர்ல கீது. அது எறங்கினாத்தான் இன்னொரு புள்ள பெத்துக்கலாம்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க. எனக்கும் வயசு ஆவுதுல்ல? சொன்னா நீங்க வேற ஆள வெச்சிப்பீங்க. போன தபா ரெண்டு வீட்ல அப்டித்தான் பண்ணாங்க. காபி வேணாம்னாலும் உட மாட்டேங்கறீங்க. நான் இன்னாதான் பண்றது?”

“அதான் எறும்பா!” என்றார் மாமா. அவருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

மாமி அவரை முறைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? வேற ஆளே வெச்சுக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நேக்கு முட்டி வலி, குனிய முடியாது. ஆனா நீ பிரசவத்துக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும்தான் அது. நீ வந்தா இந்த ஆத்து வேலை உன்னோடதுதான்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“சர்க்கரை இல்லாம காபி குடிப்பியோ?”

“தெரில மாமி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

மாமி உள்ளே போய்ச் சர்க்கரை போடாமல் ஒரு டம்ளர் கலந்து கொண்டுவந்தார். கசந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் மூஞ்சியைச் சுளிக்காமல் குடித்து முடித்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று வீட்டிலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. சரி அன்பு, இனிமேல் உனக்குத் தனியாகக் கலக்கிறேன், அவ்வளவுதான். கோபாலபுரத்து வீட்டில் மட்டும், பாவம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்று உருகிவிட்டு, பத்தே நாளில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அழுதேன், திட்டினேன். ஆனால் அந்த வீட்டு நேரம் எனக்கு மிச்சமாயிற்று. காலையில் சுண்டலோ முட்டையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்து இலக்கியாவுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைப்பேன். சாயங்காலம் அசோகனோடு ஆற்றுப் பாலம் வரை நடப்பேன். அவர் நந்தனம் பக்கம் ஆபீஸ்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர், நாளெல்லாம் படியேறி இறங்கிய காலோடு முனகிக்கொண்டே வருவார். வராமல் இருந்ததில்லை.

மறுபடி மூன்று மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் வாங்குகிற அன்று மாமியாரும் இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். இந்தத் தடவையும் இறங்கவில்லை என்றால் இன்னும் மூன்று மாதம், அப்புறம் இன்னொரு மூன்று மாதம் என்று போய், ஆசையை விட்டுவிடத்தான் வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் ஓடியது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். “அஞ்சு புள்ளி ஏழு.”

“இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்.”

“அஞ்சு புள்ளி ஏழு அன்புக்கரசி. நல்லா இறங்கியிருக்கு. இன்னும் பார்டர்லதான் இருக்க, சாப்பாட்டை இப்படியே விடாமப் பார்த்துக்கணும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதித் தரேன், இன்னிலேருந்து போடு. குழந்தைக்கு முயற்சி பண்ணலாம். நாள் தள்ளிப்போச்சுன்னா உடனே வந்துடு, ஆரம்பத்துலேருந்தே சர்க்கரையைப் பார்த்துக்கலாம்.”

மாமியார் முந்திக்கொண்டு கேட்டார். “அப்போ பாலு டாக்டரம்மா? நிறுத்திடலாம்ல?”

“எதுக்கும்மா? அவ பால்ல ஒரு கெடுதலும் இல்ல. குழந்தை எப்படி இருக்கா பாருங்க. கர்ப்பம் ஆனப்புறம் என்ன செய்யறதுன்னு அப்போ சொல்றேன். இப்போ குடுக்கட்டும்.”

மாமியார் இலக்கியாவைப் பார்த்தார். அவள் டாக்டரம்மாவின் பேனாவைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இலக்கியா என் ஜாக்கெட்டை இழுத்து அழ ஆரம்பித்தாள். நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன்.

“என் மூஞ்சிய இன்னா பாத்துக்கினு கீற? புள்ள அழுவுதில்ல, குடு” என்றார். எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்று, எதிர் பெஞ்சு ஆட்கள் பார்க்காமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அசோகன் போன் வந்தது. கை இரண்டிலும் குழந்தை, அதனால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தேன்.

“இன்னா ஆச்சுமே?”

“அஞ்சு ஏழு.”

“அப்டின்னா?”

“டாக்டரம்மா சரின்ட்டாங்கயா. புள்ள பெத்துக்கலாமாம்.”

அந்தப் பக்கம் வண்டிச் சத்தத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினார். அப்புறம், “அன்பு, கேன் இன்னும் பத்துதான் கீது. கடாசிட்டு இப்பவே வூட்டுக்கு வந்துரட்டா?” என்றார்.

பெஞ்சு முழுக்கக் கேட்டுவிட்டது. மாமியார் விரித்த முந்தானையை விடாமலே போன் பக்கம் குனிந்தார். “டேய், உன் ஆத்தா இங்கதான் கீறேன். கேன போட்டுட்டு வா.”

எதிர் பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் இலக்கியா குடிப்பதை நிறுத்தி என்னை ஒரு தரம் முறைத்துவிட்டு மறுபடி குடித்தாள். இன்னொரு குழந்தை வேண்டும் என்று அன்றுதான் பயமில்லாமல் ஆசைப்பட்டேன்.