பார்கோவை வரைந்தவன்

பார்கோ ஒரே குத்தில் டாங்கியைப் பிளப்பான். அவனை வரைந்த லாசர் பின்ஸ்கியோ இருபத்தாறு வயதுவரை ஒருவரையும் அறைந்ததுகூட இல்லை. மூன்று வருடமாக மாதம் பதிமூன்று பக்கம் அடிதடியாக வரைந்து தள்ளினான். நியூயார்க்கில் அப்போது மாதத்துக்கொரு பலசாலி காமிக்ஸில் பிறந்துகொண்டிருந்தான். அந்தக் கும்பலில் பார்கோவும் ஒருவன், அவ்வளவுதான்.

1942 மார்ச்சில் ஒரு காலை, புது இதழ் வந்துவிட்டதா என்று பார்க்க டியர்னியின் பத்திரிகைக் கடைக்குப் போனான். அங்கே ஒரு நெட்டையனும் ஒரு குட்டையனும் நின்றிருந்தார்கள். போட்டிக் கம்பெனியின் அடியாட்கள். தங்கள் புத்தகத்தைத்தான் முன்னால் வைக்கவேண்டும் என்று போன வாரமே டியர்னியை மிரட்டியவர்கள்.

"சொன்னது காதுல ஏறலையா கிழவா? இந்த மொட்டைத்தலையன் இன்னும் முன்னாடியே நிக்கிறான்?" நெட்டையன் அட்டையில் மொட்டைத்தலையோடு நின்ற பார்கோவைக் கிழித்தான்.

"என் கடைல எதை எங்க வைக்கணும்னு உன் அப்பன்கிட்டயாடா கேக்கணும்?" என்றார் டியர்னி.

குட்டையன் கையிலிருந்த இரும்புக் குழாய் அவர் முகத்தில் இறங்கியது. இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. விழுந்தவரின் விலாவில் குட்டையன் உதைத்தான். லாசர் வாசலிலேயே நின்றான்.

"ஓடிடு தம்பி," என்றார் டியர்னி, வாயில் ரத்தம் குமிழ.

அதைக் கேட்டதும்தான் அவன் பாய்ந்தான். வரைவதைப் போலவே தோளிலிருந்து வீசிக் குத்தினான். நெட்டையனின் பல் அவன் விரல் முட்டியில் புகுந்தது. கைக்குள் எலும்பு சுள்ளியாக முறிந்தது. படத்தில் வருவதுபோல் நெட்டையன் எங்கும் பறக்கவில்லை, கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தான். குட்டையன் குழாயால் லாசரின் தோளில் போட்டான். பத்திரிகைக் கட்டு மேல் கிடந்த இரும்புக் கட்டியை இடது கையால் எடுத்து, லாசர் அவன் முழங்காலில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான்.

"போதும்ணே, விட்டுடுண்ணே!"

மறுபடி அடித்தான். டியர்னி ஊர்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டார். "செத்துருவான்டா, நிறுத்து!"

குட்டையன் சாகவில்லை, கால்தான் போனது. டியர்னிக்கு ஒரு கண் போனது. முதலில் அடித்தது அடியாட்கள்தான் என்று அவர் சாட்சி சொன்னதால் லாசர் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பல் பதிந்த கை சீழ் பிடித்து, வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன.

மூன்றாம் மாதம் பார்கோ இதழின் ஆசிரியர் ஹெர்ஷல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "வேற ஆளை வச்சு வரைஞ்சு பாத்தோம்ப்பா. ஓடல. பார்கோவை மூடியாச்சு."

"யாராவது கேட்டு லெட்டர் போட்டாங்களா?"

"ஒருத்தரும் போடல."

லாசர் இடது கையால் வரையப் பழகி, விதைப் பொட்டலங்களுக்குத் தக்காளிப் படமும் முட்டைக்கோசுப் படமும் போட்டுப் பிழைத்தான். சண்டைப் படம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான்.

"ஏன்டா, பயமா?" என்று ஒருநாள் டியர்னி கேட்டார்.

"நிஜமா அடிச்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுபோச்சுங்க," என்றான் லாசர். "எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதான்."