ஒரே அறையின் காற்று

மப்ரூக்காவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இரண்டு மாதமாகத் திஜானியின் ரேடியோ ரிப்பேர் கடை பூட்டிக் கிடக்கிறது. இந்த ஸ்பாக்ஸ் ஊரில் பிழைப்பில்லை என்று தலைநகர் துனிஸுக்குப் போயிருப்பார். போகிற மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா?

கணவர் இறந்த பிறகு வீட்டில் அவளும் தையல் மெஷினும்தான். மகன் வஜ்தி நல்லவன்தான். வெள்ளிக்கிழமை வருவான், கூஸ்கூஸ் சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், கிளம்பிவிடுவான். ஒருநாள் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு திஜானியிடம் போனவள், அது சரியான பிறகும் போய்க்கொண்டே இருந்தாள். மதிய வெயிலில் ஊர் தூங்கும்போது, கடைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் பாதாம் உடைத்துத் தின்றபடி பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான். ஊருக்குத் தெரிந்தால் அதுவே போதும், வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

இப்போது அவளுக்குக் காசநோய். ஆஸ்பத்திரி லேப் டாக்டர் இம்னா எதிரே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் வஜ்தி.

“உங்க சளியில இருந்த கிருமியோட மரபணுவ முழுசா, எழுத்து எழுத்தா படிச்சிட்டோம்மா. வழக்கமா குடுக்கற மாத்திரையில ஒண்ணு இதுக்குக் கேக்காது, மாத்தி எழுதியிருக்கேன்.” டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். “இன்னொண்ணு. ஒரு எழுத்துகூட மாறாம இதே கிருமி இன்னொருத்தர்கிட்ட இருந்துச்சு. பாப் ஜெப்லி கோட்டை வாசல் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல ரொம்ப நாள் உக்காந்திருந்த மாதிரி தெரியுது.”

வஜ்தி சிரித்துவிட்டான். “எங்கம்மாவா? வாசல் தாண்டினாலே தலவலின்னு சொல்றவங்க! உங்க மெஷினுக்குத்தான் ஜுரம் போல, டாக்டர்.”

“எனக்கு அப்படி யாரையும் தெரியாது,” என்றாள் மப்ரூக்கா. பாழாய்ப்போன கிருமி இப்படியா காட்டிக்கொடுக்கும்!

டாக்டர் வஜ்தியை மருந்து வாங்க அனுப்பினாள். அவன் போனதும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அம்மா, அவர் தவறிட்டார். ஒரு மாசமாச்சு. இங்கதான், மேல் மாடி வார்டுல.”

மப்ரூக்கா அண்ணாந்து மேலே பார்த்தாள். துனிஸில் இருக்கிறார் என்று நினைத்து எத்தனை திட்டியிருக்கிறாள்! தூசி, தூசி என்று சொல்லி இருமிக்கொண்டே இருப்பாரே. அவளே இழுத்துக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டியிருக்கக் கூடாதா?

“யாரும் வரலையா?”

“யார் கூடப் பழகினீங்க, அவங்களையும் சோதிக்கணும்னு எத்தனையோ தடவ கேட்டோம். எனக்கு யாருமே இல்லன்னுட்டார். முனிசிபாலிட்டிதான் மையவாடியில அடக்கம் பண்ணுச்சு. நீங்களாவது சொல்லுங்கம்மா. அந்த ரூம்ல வேற யாரெல்லாம் வந்து உக்காருவாங்க?”

“வேற யாரும் இல்ல.” அவள் குரல் உடைந்தது. “அவருக்கு நான் ஒருத்திதான். எனக்கு அவர் ஒருத்தர்தான்.”

வஜ்தி மருந்துப் பையோடு திரும்பினான். “போலாமாம்மா? அட, எதுக்கு அழற? இது குணமாகற வியாதிதான்.”

மப்ரூக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகனைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய பெயரைக் காக்க அந்த மனிதர் யாருமில்லாதவராகவே மண்ணுக்குள் போயிருந்தார்.

“போற வழியில மையவாடிகிட்ட வண்டிய நிறுத்து.”

“அப்பாவப் பாக்கவா?”

“இல்ல,” என்றாள். “திஜானிய.”