பாட்ஸ் நாளின் சுவர்

இல்லை, ஆறுதான், ஒரு கோடு, அதன்மேல் ஒரு புள்ளி, ஆறு, ஆனால் அந்தப் புள்ளி ஏன் இப்படித் தனியாக நிற்கிறது, இரண்டு பக்கமும் வெறும் சுவர், பழைய மாயா எழுத்தர்கள் யாரும் இப்படி விட்டதில்லையே, ஒற்றைப் புள்ளி வந்தால் இருபுறமும் பிறைபோல எதையாவது வரைந்து இடத்தை நிரப்பிவிடுவார்கள், பதினோரு வருடமாக இந்தக் காட்டில் சுவரெழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் படியெடுக்கிறேன், ஒரு இடத்தில்கூட வெறும் புள்ளியைக் கண்டதில்லை. வெறும் புள்ளி வைப்பது நாங்கள்தான், மலைப்பக்கத்துப் பள்ளிகளில் குச்சியும் அவரை விதையும் வைத்து எங்கள் எண்களைத் திரும்பக் கற்றுக்கொண்டவர்கள், குச்சி ஐந்து, விதை ஒன்று, விதைக்குப் பக்கத்தில் பிறை வேண்டும் என்று எந்த வாத்தியாருக்குத் தெரியும்... என் கணவன் பஸ்குவாலுக்குத் தெரியாது. அவனும் கிச்சே மொழி வாத்தியார்தான், கரும்பலகை முழுக்க இப்படித்தான் எழுதுவான், கிளம்புவதற்கு முந்தின வாரம்கூடத் திட்டினேன், அங்கே போய் இப்படி எழுதினால் அன்றைக்கே பிடித்துவிடுவார்கள் என்று. அவன் சிரித்தான். ஆயிரத்து இருநூறு வருடப் பழைய மை என்று பரிசோதனை சொல்கிறது. என் விரல் அதன்மேல் இருக்கிறது, தொடக்கூடாது, தெரியும், எடுக்க முடியவில்லை.

மூன்று வருடம். கோயிலுக்கு அடியில் இருக்கும் கீழறையில் ஆய்வுக்குழுவினர் தங்கள் கருவியை வைத்துக் காலத்தைத் திறந்து அவனை அனுப்பினார்கள், பழைய மொழி வாயில் நிற்கும் என்று அவனைத் தேர்ந்தெடுத்தார்கள், பதினோரு நாளில் திரும்ப வேண்டும், கதவு மறுபடி திறக்கவே இல்லை. அந்தப் பக்கத்துத் தேதி ஒன்று தெரியாமல் திறக்க முடியாது என்றார்கள். போன வாரம் இந்தச் சுவர் வெளியே வந்தது, மேற்குப் படியில் இறங்கி வந்தவனைத் தேடி ஆறு பாட்ஸ் என்ற நாளன்று கதவு திறக்கும், ஒருவர் வருவார், என்று. பத்திரிகைகள் அதை உலகத்தின் முடிவு ஆக்கிவிட்டன, குழுவின் தலைவி டாக்டர் ரெனாட்டாவுக்கோ அது அந்தப் பக்கத்துத் தேதி, அவ்வளவுதான், இருநூற்று அறுபது நாளுக்கு ஒருமுறை சுற்றி வரும் அதே நாள் இங்கே இன்றைக்குத்தான் விழுகிறது, இன்று மாலை நான்கு மணிக்குத் திறக்கிறார்கள். நீ போகிறாயா மிக்கா, உனக்கு மொழி வரும், என்று காலையில் கேட்டாள். நான் முடியாது என்றேன், உடனே சொன்னேன், எனக்கு ஐந்து வயதில் மகள் இருக்கிறாள் என்றேன், அப்படிச் சொன்னபோது என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் வந்தது. ரொலாண்டோ என்ற சிப்பாய் போகிறான். அந்தப் பக்கம் தங்கினால் கதவு காத்திருக்காது, கால் மணி நேரம்தான்.

எண்ணுக்குக் கீழே தோண்டும் வேலைக்கு வந்த கிழவர் டான் எலிகியோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூரிகையால் சுண்ணாம்புப் படலத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார், காலையிலிருந்து ஓயாத வாய். "உலகம் இன்னிக்கு அழியுதுன்னு ரேடியோல சொல்றான் தாயி. அப்புறம் எதுக்கு என்ன இந்தச் சொவத்தக் கூட்டிப் பெருக்கச் சொல்றாங்க?" அவர் கைக்குக் கீழே ஒரு முகம் வந்துகொண்டிருந்தது, நரைத்த கிழவன், இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது, சின்ன வயதில் அம்மை போட்டு அறுந்த புருவம், அதில் நான் எத்தனை முறை விரலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்... கிழவனா? எனக்கு மூன்று வருடம், அவனுக்கு எத்தனை? முப்பதா, நாற்பதா, அவ்வளவும் காத்திருந்தானா? பக்கத்தில் ஒரு பெண், இளம்பெண், அவன் தோளோடு தோள் உரசி. பார், காத்திருந்தானாம், என்று முதலில் எனக்குள் எரிந்தது அதுதான், ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒருத்திமேல் எனக்கு ஆத்திரம், சிரிப்பாகக்கூட இருந்தது.

"இவளும் உன்ன மாதிரிதான், கோணலா நெய்ஞ்சிருக்கா பாரு," என்றார் எலிகியோ.

அவள் மேல்சட்டையில் சிவப்பு வைர வரிசை, எல்லாம் மேல்நோக்கி, இடது தோளில் மட்டும் ஒன்று தலைகீழாக. நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன், அதேதான். மகள் கத்தின் என் வயிற்றில் இருந்தபோது நெய்தது, வாந்தி மயக்கத்தில் நூலை மாற்றி எண்ணிவிட்டேன், பிரிக்கச் சோம்பல், பஸ்குவால்தான் விடு, அந்த ஒன்று உன்னை மாதிரி என்றான். மற்ற சட்டைகள் மழையில் காயவில்லை என்று இன்று காலை இதை எடுத்து மாட்டினேன், மழை பெய்யாமல் இருந்திருந்தால்? ரொலாண்டோ எங்கே? சுவரில் ரொலாண்டோ இல்லை. முடியாது என்று நான் சொன்னது யாருக்குக் கேட்டது?

வாக்கிடாக்கி கரகரத்தது. சமையற்கட்டிலிருந்து கத்தின், பள்ளி விடுமுறைக்கு என்னோடு வந்திருக்கிறாள், சோள மாவில் நாய் செய்ததாகவும் அதை அடுப்பில் போட மாட்டார்களாம் என்றும் புகார். "அம்மா, எப்ப வருவ?" வருகிறேன் என்றேன், என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அதுவே பயமாக இருந்தது. மணி மூன்று இருபது. சமையற்கட்டுக்கும் கீழறைக்கும் ஐந்து நிமிட நடை. ஐந்து வயதுக் குழந்தையை, தடுப்பூசியும் மருத்துவரும் இல்லாத இடத்துக்கு... என்ன கணக்குப் போடுகிறேன் நான்?

சுவரில் அவள் வலது கை கீழே இறங்கியிருந்தது, விரல்கள் எதையோ பிடித்தாற்போல மடங்கி, அதற்குக் கீழே கெட்டியான சுண்ணாம்பு, என் இடுப்பு உயரத்துக்கு, இன்னும் துலக்காதது. எலிகியோ தூரிகையை அங்கே கொண்டுபோனார். "வேணாம்," என்றேன். "ஏன் தாயி, ரெண்டு நிமிசம், என்ன பிடிச்சிருக்கான்னு பாத்துரலாம்." அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், இறுக்கமாக, கிழவர் முகம் சுளித்தார். அங்கே என் மகள் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம், வேறென்ன, தாய்க்கு வேறென்ன பயம் இருக்கும்... ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை, அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்து அடியில் வெறும் கூடையோ பாத்திரமோ இருப்பதாக ஒருமுறை நினைத்துப் பார்த்தேன், சும்மா நினைத்துப் பார்த்தேன், அப்போதும், மகள் இல்லாமலே, நான் அந்த மேற்குப் படிகளில் இறங்கிக்கொண்டுதான் இருந்தேன்.