விபத்தில்லாத வருடம்

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், பெரிய அதிகாரிகளுக்குச் சம்பளமும் போனஸும் நிர்ணயிப்பதுதான் தன் வேலை என்றாள்.

"அதுக்குன்னு தனியா ஒரு வேலையா?" என்று வாயைப் பிளந்தேன். எப்படியும் பிளக்க வேண்டிய இடம்தான்.

நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "எழுதறதுன்னா எழுதுங்க. என் தம்பியை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: 'கண்ணாடி அறையில் தனியாக நின்றபடி அவள்...' (வேண்டாம். நிற்பதற்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம்?)

இரண்டாவது: 'எம்.டி.க்கே படியளக்கிற மகராசி! எங்களுக்கும் கொஞ்சம் அளக்கக் கூடாதா?' என்று வீட்டில் அவளைச் சீண்டுகிறவன் தம்பி. அவள் வேலை பார்க்கும் அதே கம்பெனியின் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான்.

(பார்த்தீர்களா, தம்பி வந்துவிட்டான். அப்புறம் கோடு போட்டு அடித்துவிடுகிறேன்.)

3

அவள் நல்லதுதான் நினைத்தாள். லாபம் மட்டும் வந்தால் போதாது, தொழிற்சாலையில் யாருக்கும் அடிபடாமல் இருந்தால்தான் எம்.டி.க்கும் மேலதிகாரிகளுக்கும் முழு போனஸ் என்று விதி போட்டாள். சம்பளக் கமிட்டி அவளைப் பாராட்டித் தள்ளியது. அந்த வருடம் ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் திண்டாடிக்கொண்டிருந்தான். வலது கையில் கட்டு.

"என்னடா ஆச்சு?"

"கதவுல நசுங்கிடுச்சுக்கா."

"எந்தக் கதவு?"

அவன் நிமிரவில்லை. "வீட்டுக் கதவுன்னு சொல்லச் சொன்னார் சூப்பர்வைசர். மெஷின்னு எழுதினா மேல இருக்கறவங்களுக்கு போனஸ் போயிடுமாம். எவனோ அப்படி ஒரு ரூல் போட்டு வச்சிருக்கான்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் கமிட்டியில சொல்றேன்டா."

"ஐயோ, நீ சும்மா இரு! வேலையே போயிடும். ரெண்டு விரல் நுனிதானே!"

4

தம்பி இல்லாமல் ஒரு பிரதி எழுதினேன். பத்திரிகை ஆசிரியர், "கச்சிதமா இருக்கு" என்றார். இருக்காதா பின்னே? யாருக்கும் அடிபடாத கதை! சூப்பர்வைசர் செய்த அதே வேலையை நானும் செய்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. தம்பியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவள் என்னைத் திட்டட்டும்.

5

கமிட்டி கூடியிருக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "விபத்து எதுவும் இல்லை. முழு போனஸ். அப்படியே போட்டுடலாமாம்மா?" என்று அவளைப் பார்க்கிறார்.

('தலைவர் மனமுருகி...' இல்லை. கமிட்டியாவது உருகுவதாவது!)

சொன்னால் தம்பிக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் விபத்து இருக்காது. வீட்டுக் கதவுகள்தான் யார் யாருடைய விரல்களையோ நசுக்கிக்கொண்டிருக்கும்.

அவள் கதையை இந்த இடம்வரை சொன்னபோதுதான் பல் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்தபோது ஊசி போட்டு வாய் மரத்திருந்தது. "சொன்னீங்களா?" என்று வாசல்வரை துரத்திக் கேட்டேன். கன்னத்தைச் சுட்டிக் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தலைவர் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டார். அவள் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக் காலை ஷிப்டுக்குத் தம்பி அந்தக் கையோடுதான் போகிறான்.

சொல்லுங்கள்.