காசியில் விட்டது

கூப்பிட்டது நான். அடித்தது என் முதுகு.

செஞ்சி ராஜகிரி மலையில், பாதி ஏறியதும் வருகிற கமலக்கண்ணி அம்மன் கோயில் நிழலில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் வீரமணி என்னை அங்கேயே விட்டுவிட்டு உச்சிக்கு ஏறிப் போய்விட்டார். அவரைத் திட்ட வேண்டியதில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. போனில் முடித்துவிடலாம் என்று நம்பரைப் போட்டால், மணி என் முதுகுக்குப் பின்னால் அடிக்கிறது. அவர் பை என் தோளில், என் பை அவர் தோளில், அவர் போன் அவர் பையில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

பை மாறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஊர் அவலூர்பேட்டை, செஞ்சியிலிருந்து ஒரு பஸ் தூரம். அவர் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆன கையோடு எங்கள் மகன் ரஞ்சித் பெங்களூரிலிருந்து இரண்டு முதுகுப்பை வாங்கி அனுப்பி, "நைனா, அம்மாவக் கூட்டிக்கினு இந்தியாவ சுத்திட்டு வா" என்றான். அன்றிலிருந்து இந்த மனுஷன் யூடியூப் பார்த்துப் பார்த்து வெள்ளைக்காரர் ஆகிவிட்டார். ரூம் புக் பண்ணக் கூடாது, டாக்சி வைக்கக் கூடாது, பை முதுகைவிட்டு இறங்கவே கூடாது. ஜோத்பூரில் ஒட்டகம் என் முந்தானையைத் தின்றது. பூரியில் சிமெண்ட் பெஞ்சில் படுக்கவைத்து, கடல் காத்து ஃப்ரீ என்றார். ரிஷிகேஷில் தொங்கு பாலத்தின் நடுவில் எனக்குக் கால் வராமல் நான் உட்கார்ந்துவிட, நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து கரையில் போட்டார்கள். உயரம் என்றால் எனக்குக் குலை நடுங்கும். அதற்கடுத்த பயம் குரங்கு.

காசியைச் சொல்லாமல் விடக் கூடாது. அங்கே போனால் பிடித்த காய் ஒன்றையோ பழம் ஒன்றையோ விட்டுவிட்டு வருவது வழக்கம். அவர் கத்திரிக்காயை விடுகிறேன் என்று கங்கையில் இறங்கினார். நான் சம்மதிக்கவில்லை. ஏனென்றால், என் பை கனமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டே வந்தார் இவர். நாக்பூரில் என் எலுமிச்சங்காய் ஊறுகாய் போனது. அலகாபாத்தில் என் கம்பளி போனது.

"கத்திரிக்காய நீ நல்லா துன்னு. என் பையில கை வெக்கறத விடுய்யா" என்றேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு கையிலும் கங்கையை அள்ளி, "இனிமே தனகோட்டி பைய தொறக்க மாட்டேன்" என்று விட்டார். சொன்னால் சொன்னதுதான், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. நான் பாகற்காயை விட்டேன். அது எனக்குப் பிடிக்காது என்று கங்கைக்குத் தெரியவா போகிறது.

எல்லா ஊரும் சுற்றி, காலையில் விழுப்புரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, செஞ்சி வந்து, எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் இவருக்கு அந்த எண்ணம் வந்தது.

"பொறந்ததுலேந்து இந்தக் கோட்டைய பஸ் ஜன்னல்ல பாக்கறதோட சரி. வெளியூர்க்காரன்லாம் வந்து ஏறறான். நாம ஏறலாமா?"

"வூட்டுக்குப் போயி வாசத் தெளிக்கணும்யா" என்றேன். கேட்டால்தானே!

கோயில் வரை ஏறுவதற்குள் அவர் முகமே மாறிவிட்டது. நின்று நின்று என்னைப் பார்த்து முறைத்தார். "இன்னாத்ததான் அடச்சி வெச்சிருக்கிற? பையா இது, பீரோவா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நீயே தூக்கிப் பாரு" என்று கழற்றிக் கொடுத்தேன். தன் பையை என்னிடம் தள்ளிவிட்டு அதை வாங்கினார். சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன். "நீ ஒண்ணும் வராத. இங்கியே கெட" என்று சொல்லிவிட்டு ஏறினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர்.

அதனால்தான் திட்டப் போன் போட்டேன். அடித்த போனை எடுக்க அவர் பையைத் திறந்தேன். போனுக்குக் கீழே இட்லிப் பொட்டலம் இருந்தது. விழுப்புரத்தில் வாங்கியது. கட்டின நூல்கூட அவிழவில்லை.

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அவருக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார், போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும். விழுப்புரத்தில் ஊசி போட்டதும் பஸ் வந்துவிட்டது. பஸ்ஸுலியே துன்னுக்கறேன் என்றார். ஒரே ஒரு சீட் கிடைத்தது, அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டு வந்தார். நான் தூங்கிவிட்டேன். சாப்பிட்டிருப்பார் என்றே இருந்துவிட்டேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலை ஏறினால் சுகர் இறங்காமல் என்ன செய்யும்? ஜெய்ப்பூரில் ஒரு தடவை இப்படி இறங்கி, டிக்கெட் வரிசையில் நின்றபடியே சரிந்தார். பார்த்த டாக்டரம்மா, இன்னும் தாமதமாகியிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார், இனிப்பு இல்லாமல் எங்கேயும் போகக் கூடாது என்றார். சரிவதற்கு முன்னால் அன்றைக்கும் இப்படித்தான் காரணமே இல்லாமல் என்மேல் எரிந்து விழுந்தார். வியர்வையும் நடுக்கமும்கூட இதேதான். எனக்கு இப்போதுதான் புத்தியில் உறைக்கிறது, பாவி!

பையைத் தரையில் கொட்டினேன். கடலை மிட்டாயைத் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தது. மருந்துக்கு வைத்த மிட்டாயை இவர் நொறுக்குத் தீனியாக்கி விழுங்குகிறார் என்று, நேற்று ரயிலில் நான்தான் அதை எடுத்து என் பைக்கு மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. உயிர் காக்கிற மிட்டாய் அவர் முதுகிலேயே இருக்கிறது. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் திறக்க மாட்டார். காசியில் விட்டுவிட்டாரே!

பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், நான் ஓடியதை யாரும் நம்பப் போவதில்லை. "யோவ்! வீரமணி!" என்று கத்தினேன். புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமே என்றெல்லாம் தோன்றவில்லை. அம்மா கமலக்கண்ணி, என் தாலியைக் காப்பாத்து, உனக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டே போனேன். மேலேயிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் இறங்கி வந்தார்கள்.

"மேல யாரயாச்சும் பாத்தீங்களா? பச்ச சட்ட, பெரிய பை?"

"பாலத்துக்கு அந்தாண்ட ஒருத்தர் குந்திக்கினு இருக்காரும்மா" என்றாள் அந்தப் பெண். "தண்ணி போட்டிருக்காரு போல. பேச்சே கொழறுது. நாங்க ஒதுங்கி வந்துட்டோம்."

"அய்யோ, அவருக்குச் சுகரும்மா! குடிக்கவே மாட்டாரும்மா! இனிப்பு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

குரங்குக்குப் பயந்து தின்பண்டத்தை எல்லாம் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். "நான் கீழ கேட்டுல சொல்லி ஆள அனுப்பறேன். நீங்க போங்க" என்று அந்த மனிதர் இறங்கி ஓடினார்.

நான் திரும்பவும் ஏறினேன். ஒரு வளைவில் மதில்மேல் பெரிய கடுவன் குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் பார்க்கவேயில்லை. கையில் வெடுக்கென்று ஒரு இழுப்பு, பொட்டலம் போய்விட்டது. இட்லி, சட்னி எல்லாம் மதில்மேல் போய்ச் சேர்ந்தது. கையில் இருந்த ஒன்றும் போயிற்றே என்று வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே ஏறினேன்.

பாலம் வந்தது. உச்சிக்கோட்டைக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, அதன்மேல் குறுகலாக ஒரு பாலம். எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அந்தப் பக்கம் வாசல் சுவரில் சாய்ந்து என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என் பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தார். எதிரே இரண்டு குரங்கு பையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"யோவ், பைய தொற! உள்ள கடல முட்டாய் இருக்குது!"

தலையை மட்டும் அசைத்தார். "மாட்டேன்... விட்டுட்டேன்..." நாக்கு தடித்து வந்தது குரல்.

"கங்கைகிட்ட நான் பேசிக்கறேன், தொறய்யா!"

"தனகோட்டி திட்டுவா" என்றார் என்னிடமே. நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கண் மேலே செருகியது. தலை சரிந்தது.

எனக்கு அப்புறம் நடந்தது சரியாக ஞாபகம் இல்லை. நான் நடந்து போகவில்லை, அது மட்டும் தெரியும். நாலு காலில் போனேன். கல் சூட்டில் உள்ளங்கை எரிந்தது. பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் காற்று ஊளையிட்டது. செத்தால் சேர்ந்து சாவோம், வாய்யா எமா, என்று சொல்லிக்கொண்டே தவழ்ந்தேன். குரங்கு பல்லைக் காட்டியது. நானும் காட்டினேன். அது ஓடியது.

பையைப் பிடுங்கினால் விடமாட்டேன் என்கிறார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடுங்கினேன். தலைகீழாகக் கொட்டினேன். மிட்டாய் அடியில் கிடந்தது. பல்லால் கடித்துத் தூளாக்கி, கடலையைத் துப்பிவிட்டு, வெல்லத்தை அவர் உதட்டுக்கு உள்ளே, ஈறில் தேய்த்தேன். "முழுங்குய்யா, முழுங்குய்யா." ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் தேய்த்தேன். கை ஜில்லென்று இருந்தது. அவர் இல்லாத வீட்டின் கதவைத் திறந்துகொண்டு நான் மட்டும் உள்ளே போவது போல ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் காறித் துப்பினேன்.

தொண்டை அசைந்தது. ஒரு மிடறு. இன்னொரு மிடறு. தானாகச் சப்பத் தொடங்கியதும் இன்னொரு மிட்டாயைக் கடித்துக் கடித்து ஊட்டினேன். மெதுவாகக் கண் என்மேல் வந்து நின்றது.

"யாரு பைய தொறந்தது?" என்றார்.

"நான்தான். என் பை."

அவர் தரையில் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார். அவருடைய ஸ்வெட்டர், அவருடைய குரங்குக் குல்லா, பிளாஸ்டிக் கவரில் அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஊசி டப்பா, இன்சுலின் வைக்கிற ஃபிளாஸ்க், கால் வெடிப்புக்கு அவருடைய களிம்பு, அவருடைய இன்னொரு ஜோடி செருப்பு. என்னுடையது என்று ஒரே ஒரு புடவை, ஒட்டகம் தின்றது போக மீதி.

"எல்லாம் என்னுதாவே இருக்குது. உன்னுது எங்க?"

"அதான் நாக்பூர்லியும் அலகாபாத்லியும் தூக்கிப் போட்டியே."

அவர் வாயில் மிட்டாயோடு அழுதார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அழாத. சுகர் எறங்கிடும்" என்றேன். அழுதால் இறங்குமா என்றெல்லாம் எனக்குத் தெரியாது.

கேட்டிலிருந்து இரண்டு பேர் பிஸ்கட்டும் ஜூஸுமாக வந்து சேர்ந்தார்கள். அவரைக் குடிக்கவைத்து, வெகுநேரம் உட்காரவைத்துவிட்டு, கைத்தாங்கலாக எழுப்பினார்கள். பாலத்தில் அவரைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அவர் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். நான் இந்தக் கரையில் கல்லாக நின்றிருந்தேன். பிளவைப் பார்த்துவிட்டேன். கால் வரவில்லை.

"வரும்போது எப்டி வந்த?" என்று அங்கிருந்து கேட்டார்.

"அப்ப நீ இந்தாண்ட இருந்த."

அவர், பிடித்திருந்தவர்களின் கையை விலக்கிவிட்டு, பாலத்தின் முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை நீட்டினார்.

"இப்ப இந்தாண்ட இருக்கறேன். வா."

கண்ணை மூடிக்கொண்டு போனேன். பாக்கி இருந்த திட்டு முழுவதையும் அந்தப் பாலத்தின் மேல்தான் தீர்த்தேன்.